நீட்சேயின் நோயும் கூர் நகரமும்

சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில், ரைன் நதி வடக்கே திரும்பும் இடத்தில் இருக்கிறது கூர். கிராபுண்டன் மாநிலத்தின் தலைநகரம். அந்த நாட்டின் மிகப் பழைய நகரம் என்று சொல்லப்படுவது. செயின்ட் மோரிட்சுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் பலர் இங்கே ரயில் மாறியிருப்பார்கள். 1887-இல் அப்படி மாற முடியாது. ரயில் பாதை கூர் நகரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் குதிரைகள் பூட்டிய தபால் வண்டியில்தான் மலை ஏற வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம் ஒரு ஜெர்மானியர் இந்த ஊரில் வந்து தங்கினார். வயது 42. அடர்ந்த மீசை. பார்வை மிக மங்கல். வேலை இல்லை, குடும்பம் இல்லை, எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சில்ஸ் மரியா என்ற கிராமத்துக்குப் போக வேண்டியவர், அங்கே குளிர் குறையட்டும் என்று கூரில் ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்தார். ஊரில் இருந்த சுமார் 20,000 புத்தகங்கள் கொண்ட நூலகத்துக்குப் போய்ப் படித்தார். பக்கிள் எழுதிய இங்கிலாந்து நாகரிக வரலாற்றை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர்தான் பிரெடரிக் நீட்சே.

நீட்சேயின் தத்துவத்தைப் பற்றித் தமிழில் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவருடைய உடம்பையும் அதில் குடியிருந்த நோயையும் பற்றியது. பித்து என்பது எங்கிருந்து வருகிறது? பரம்பரையிலிருந்தா, சிந்தனையிலிருந்தா, கிருமியிலிருந்தா, அல்லது கிருமியோடு சண்டை போடும் நம் உடம்பிலிருந்தேவா? அவர் காலத்தில் தொடங்கிய இந்தக் கேள்விக்கு இன்றும் முழு விடை இல்லை. ஆனால் விடை தேடிப்போன பாதை அவருடைய வாழ்க்கையோடு வினோதமாகப் பின்னிக் கிடக்கிறது.

தந்தையின் நிழல்

நீட்சே 1844 அக்டோபர் 15 அன்று, அப்போது பிரஷ்யாவில் இருந்த ரொக்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அந்த ஊர்த் தேவாலயத்தின் போதகர். நீட்சேக்கு நான்கு வயது இருக்கும்போது தந்தை நோயில் விழுந்து, 1849 ஜூலையில் தம் 35-ஆம் வயதில் இறந்தார். மூளை இளகிப் போனது என்று மருத்துவர்கள் காரணம் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் இரண்டு வயதுகூட நிரம்பாத தம்பியும் இறந்தான். தாய், பாட்டி, இரண்டு அத்தைகள், தங்கை எலிசபெத் என்று பெண்கள் மட்டுமே இருந்த வீட்டில், நவும்பர்க் என்ற ஊரில் நீட்சே வளர்ந்தார்.

பள்ளியிலேயே கடும் தலைவலி தொடங்கிவிட்டது. நாள் கணக்கில் படுக்கையில் கிடப்பான் பையன். அப்பாவுக்கு வந்தது தமக்கும் வரும் என்ற பயம் சிறு வயதிலேயே அவருக்குள் புகுந்துகொண்டது. தந்தை இறந்த வயதை நெருங்க நெருங்க அந்தப் பயம் வலுத்தது. 36 வயதைத் தாண்டிய பிறகும் அது முற்றாக விடவில்லை.

படிப்பில் அவர் அபாரம். 1869-இல் தம் 24-ஆம் வயதில், முனைவர் பட்டத்தேர்வு எழுதாமலே, சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் மொழியியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அங்கே போகுமுன் பிரஷ்யக் குடியுரிமையைத் துறந்தார். பிறகு எந்த நாட்டுக் குடியுரிமையும் பெறவில்லை. 1870-இல் பிரான்சுடன் நடந்த போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனவர், வயிற்றுக்கடுப்பும் தொண்டை அடைப்பான் நோயும் தொற்றித் திரும்பினார். அதன் பின் அவர் உடம்பு பழைய நிலைக்கு வரவே இல்லை.

தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், தூக்கமின்மை. 1879-ஆம் ஆண்டு மட்டும் 118 நாட்கள் கடும் வேதனையில் கழிந்ததாக அவரே கணக்கு வைத்திருக்கிறார். அந்த ஆண்டு வேலையை விட்டார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியத்தில், அடுத்த பத்து வருடங்கள் நல்ல காற்றும் இதமான வெளிச்சமும் தேடி ஊர் ஊராக அலைந்தார். குளிர்காலத்தில் இத்தாலி அல்லது தென் பிரான்ஸ் கடற்கரை, கோடையில் சுவிஸ் மலைகள். கண் தெரியாததால் 1882-இல் டென்மார்க்கில் செய்த ஒரு தட்டச்சு இயந்திரத்தைக்கூட வாங்கிப் பார்த்தார். அது அடிக்கடி பழுதாகவே கைவிட்டார்.

இந்த அலைச்சலில்தான் அவருடைய பெரிய நூல்கள் எல்லாம் எழுதப்பட்டன. வலி இல்லாத நாட்களில் ஐந்தாறு மணி நேரம் நடப்பார். நடக்கும்போது தோன்றுவதைச் சிறு குறிப்பேட்டில் கிறுக்கிக்கொள்வார். நீட்சேயின் நூல்கள் துண்டு துண்டாக, பத்தி பத்தியாக இருப்பதற்கு இந்த நோயும் ஒரு காரணம் எனலாம்.

1887: இரண்டு பேனாக்கள்

கூரிலிருந்து ஜூன் மாதம் கிளம்பிய நீட்சே, வழியில் லென்சர்ஹைடே என்ற மலையூரில் தங்கினார். ஜூன் 10 தேதியிட்டு, ஐரோப்பாவைப் பீடித்திருக்கும் வெறுமைவாதத்தைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தனியே எடுத்துப் படிக்கிறார்கள். சில்ஸ் மரியா போய்ச் சேர்ந்ததும், ஜூலையில் அறநெறியின் மூலவரலாறு குறித்த நூலைச் சில வாரங்களில் எழுதி முடித்தார். செப்டம்பரில் பள்ளித் தோழர் பால் டாய்சன் மனைவியோடு வந்து பார்த்தார். வேதாந்த சூத்திரங்களை சங்கரரின் உரையோடு ஜெர்மனில் மொழிபெயர்த்து அந்த வருடம்தான் வெளியிட்டிருந்த அறிஞர் அவர். பின்னாளில் விவேகானந்தரைச் சந்தித்தவர். கம்பீரமாக நடந்த நண்பர் இப்படித் தளர்ந்து போனாரே என்று டாய்சன் தம் நினைவுகளில் வருந்தியிருக்கிறார்.

அறநெறி நூலின் மூன்றாம் பகுதியில் ஓர் இடம் உண்டு. ஒரு சமூகமே சோர்ந்து, வாழ்வை வெறுத்துக் கிடப்பதற்கு உடலியல் காரணங்கள் இருக்கக்கூடும் என்கிறார் நீட்சே. ரத்தக் கேடு, மலேரியா, சிபிலிஸ் போன்ற நோய்களை அங்கே வரிசைப்படுத்துகிறார். மனத்தின் வாட்டத்துக்கு வயிற்றையும் ரத்தத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பித்து என்ற சொல்லையே பித்தம் என்ற உடம்புச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் நமக்கு இது புதிதல்ல.

அதே 1887-இல் வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக் என்ற 30 வயது மனநல மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சித்தம் கலங்கிய சிலர், இடையில் கடும் காய்ச்சல் கண்டு மீண்டபோது, புத்தி தெளிந்து எழுவதை அவர் கவனித்திருந்தார். அப்படியானால் வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்தால் என்ன என்று கேட்டார். அதற்கு அவர் யோசித்த நோய்களில் ஒன்று மலேரியா. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

தூரின் நகர வீதியில்

1888-இல் நீட்சே வெறிகொண்டவர்போல் எழுதினார். ஒரே வருடத்தில் ஐந்து நூல்கள். கடிதங்களில் மெல்ல மெல்லத் தற்பெருமை எல்லை மீறியது. உலக வரலாறே தம் கையில் இரண்டாக உடையப் போகிறது என்ற தொனி. 1889 ஜனவரி 3 அன்று இத்தாலியின் தூரின் நகரத்தில், தெருவில் நிலை தடுமாறி விழுந்தார். வண்டிக்காரன் அடித்த குதிரையைக் கட்டிக்கொண்டு அழுதார் என்ற பிரபலமான கதை பல வருடங்கள் கழித்துப் பத்திரிகையில் வந்தது. அதற்கு உறுதியான சான்று இல்லை.

அடுத்த சில நாட்களில் நண்பர்களுக்கும் அரசர்களுக்கும் கடிதங்கள் பறந்தன. சிலவற்றில் டயோனிசஸ் என்றும், சிலவற்றில் சிலுவையில் அறையப்பட்டவன் என்றும் கையெழுத்து. பாசலில் ஒரு கடிதத்தைப் பெற்ற வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட், அதை எடுத்துக்கொண்டு நீட்சேயின் நண்பர் ஓவர்பெக்கிடம் போனார். ஓவர்பெக் உடனே தூரினுக்கு ரயில் ஏறினார். பாடியும் ஆடியும் அழுதும் கிடந்த நண்பரைப் பத்திரமாகக் கூட்டி வந்து, ஜனவரி 10 அன்று பாசல் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே தலைமை மருத்துவர் லுட்விக் வில்லே. இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லை. வெளிச்சத்துக்கு மந்தமாகவே சுருங்கின. பெருமிதம் பொங்கும் பிரமைகள் வேறு. படிப்படியாக முற்றும் பக்கவாதப் பித்து என்று பதிவு செய்தார் வில்லே. இளம் வயதில் தொற்றிய சிபிலிஸ், அதாவது நம்மூரில் பறங்கிப் புண் என்றும் மேகநோய் என்றும் சொன்ன வியாதி, பத்து இருபது வருடங்கள் கழித்து மூளையைத் தாக்குவதன் விளைவு இது என்ற கருத்து அப்போது வலுத்துவந்தது. நீட்சேயைப் பிறகு கவனித்த யேனா நகர மருத்துவமனையும், அதன் தலைவர் ஓட்டோ பின்ஸ்வாங்கரும் அதே முடிவைத்தான் ஏற்றார்கள்.

1890-இல் தாய் பிரான்சிஸ்கா மகனை மருத்துவமனையிலிருந்து வெளியே கூட்டி வந்தார். நவும்பர்க் வீட்டில் ஏழு வருடம் குழந்தையைப்போல் குளிப்பாட்டி, ஊட்டி, கைபிடித்து நடத்திப் பார்த்துக்கொண்டார். மகனுடைய கடவுள் மறுப்பு நூல்களை எண்ணிக் கண்ணீர் விட்ட பக்தி மிகுந்த போதகர் மனைவி அவர். 1897 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு, தங்கை எலிசபெத் அண்ணனை வைமர் நகரத்துக்கு மாற்றினார். முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டும் நோயாளியைக் காட்டினார். கையெழுத்துப் படிகளைத் தம் விருப்பப்படி வெட்டி ஒட்டி வெளியிட்டார். நீட்சே 1900 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்யப்படவில்லை.

பழி யாருக்கு?

நோயின் பெயர் சாதாரண விஷயமல்ல. அண்ணனுக்குச் சிபிலிஸ் என்பதை எலிசபெத் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதிக உழைப்பு என்றார். ஜாவா நாட்டுத் தூக்க மருந்து ஒன்றின் மேல் பழி போட்டார். மறுபக்கம், மோபியஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1902-இல் ஒரு நூல் எழுதி, நீட்சேயின் பக்கங்களிலேயே நோயின் தடங்களைத் தேடிப் பட்டியலிட்டார். பிடிக்காதவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பைத்தியக்காரன் எழுதியதைப் படிப்பானேன் என்றார்கள்.

இன்னொரு கட்சி பரம்பரையைச் சொன்னது. தந்தையின் மூளை நோயைச் சுட்டிக் காட்டியது. இந்தப் பரம்பரைக் கட்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கூர் நகரமே சாட்சி. 1892-இல் அங்கே வால்ட்ஹவுஸ் என்ற மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் யோசப் யோர்கர், யேனிஷ் எனப்படும் நாடோடி மக்களின் ஒரு வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து 1905-இல் கட்டுரை வெளியிட்டார். குடி, குற்றம், பித்து எல்லாம் அவர்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பது அதன் சாரம். அந்த எண்ணம் வேர்விட்டது. 1926 முதல் 1973 வரை, ஒரு சிறுவர் நல அமைப்பு சுமார் 600 யேனிஷ் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளுக்கும் அந்நியர் வீடுகளுக்கும் அனுப்பியது. 1986-இல் சுவிஸ் அதிபர் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

கிருமியும் காய்ச்சலும்

நீட்சே இறந்து ஐந்து வருடம் கழித்து, 1905-இல் சிபிலிஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1913-இல் நொகுச்சி, மூர் இருவரும் பக்கவாதப் பித்தால் இறந்தவர்களின் மூளையில் அதே சுருள் கிருமியைக் காட்டினார்கள். அந்நாட்களில் ஐரோப்பிய மனநல மருத்துவமனைகளில் பெரும் பங்கு படுக்கைகளை நிரப்பிய ஒரு பித்து, பாவமோ வம்ச தோஷமோ அல்ல, தொற்றுநோய் என்று நிரூபணமானது.

1917-இல் வாக்னர்-யாவ்ரெக் தம் 30 வருடக் கனவைச் சோதித்தார். போர்முனையிலிருந்து மலேரியாவோடு வந்த ஒரு சிப்பாயின் ரத்தத்தை எடுத்துப் பக்கவாதப் பித்து நோயாளிகளுக்குச் செலுத்தினார். முதலில் 9 பேர். பல முறை குளிர்காய்ச்சல் கண்ட பிறகு குவினைன் கொடுத்துக் காய்ச்சலை நிறுத்தினார். 6 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அவர்களில் சிலருக்கு நோய் மீண்டது. இந்தச் சிகிச்சையிலேயே இறந்தவர்களும் உண்டு. நோயாளியின் சம்மதம் கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. இருந்தும் நிச்சய மரணம் என்றிருந்த நோய்க்கு முதல் மருந்து அதுதான். 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1940களில் பெனிசிலின் வந்ததும் மலேரியா வைத்தியம் வழக்கொழிந்தது.

காய்ச்சலின் சூடு கிருமியைக் கொன்றதா, அல்லது மலேரியா தட்டி எழுப்பிய நோய் எதிர்ப்பு சக்தி கொன்றதா என்பது கடைசிவரை தீர்க்கப்படவில்லை. எதிர்ப்பு சக்திக்கு இன்னொரு முகமும் இருந்தது. அந்த நோயாளிகளின் மூளை வருடக்கணக்கில் அழற்சியில் வெந்திருந்தது. ரத்தக் குழாய்களைச் சுற்றி எதிர்ப்பு அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. திருடனைப் பிடிக்க வந்த காவலர்களின் அடிதடியிலும் வீடு சேதமாகியிருந்தது.

இன்றைய கணக்கு

திருடனே இல்லாமலும் காவலர்கள் வீட்டை உடைக்கலாம் என்பது நம் காலத்தின் கண்டுபிடிப்பு. 2007-இல் டால்மாவ் என்ற மருத்துவரும் குழுவினரும் ஒரு நோயை விவரித்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். சில நாட்கள் காய்ச்சல், தலைவலி. பிறகு திடீரென்று பயம், பிரமை, காதில் குரல்கள். அதன் பின் வலிப்பு, நினைவிழப்பு. இவர்களுடைய உடம்பு, மூளை அணுக்களின் மேலிருக்கும் என்எம்டிஏ என்ற ஏற்பிக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைச் செய்துகொண்டிருந்தது. சிலருக்குச் சூலகத்தில் இருந்த ஒரு கட்டி அதைத் தூண்டியிருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் கணினியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று எண்ணி அழிப்பது போன்றது இது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்றவற்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அதற்கு முன் இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் பேய் பிடித்தவர்கள் என்று கோயில் கோயிலாக இழுக்கப்பட்டார்களோ!

மனச்சிதைவு நோயில் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2011-இல் வந்த ஆய்வு, கடும் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்கள் வரும் வாய்ப்பு 60 சதவீதம் கூடுதல் என்றது. தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பு நோய்கள் உள்ளவர்களுக்கு 29 சதவீதம் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல். பயப்பட வேண்டாம். அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், கூடிய பிறகும் அது சிறியதே. 2016-இல் ஏறக்குறைய 65,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வில், சி4 என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தை அதிகம் சுரக்கச் செய்யும் மரபணு வடிவங்கள் மனச்சிதைவோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிப்பதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. கத்தரி அளவு மீறினால் வேண்டிய கிளையும் விழலாம் என்பது ஊகம். ஆக, பரம்பரைக் கட்சியும் தொற்றுக் கட்சியும் எதிரிகளே அல்ல. எதிர்ப்பு சக்தி என்ற ஒரே வாசலில் இருவரும் சந்திக்கிறார்கள். ஆனால் அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் மனச்சிதைவில் இதுவரை பெரிய வெற்றி பெறவில்லை.

நீட்சேக்கு என்னதான் நோய்?

முற்றிய பக்கவாதப் பித்து கண்டவர்கள் பொதுவாக இரண்டு மூன்று வருடங்களில் இறந்துபோவார்கள். நீட்சே பதினோரு வருடங்கள் இருந்தார். தலைவலியோ சிறு வயதிலிருந்தே இருந்தது. எனவே பலர் மறுவிசாரணை கோரினார்கள். கண்ணுக்குப் பின்னால் மெல்ல வளர்ந்த மூளை உறைக் கட்டி என்று 2003-இல் ஒரு கட்டுரை வாதிட்டது. முன்மூளை தேயும் மறதி நோய் என்று 2006-இல் ஒன்று. தலைவலியில் தொடங்கிப் பக்கவாதத்தில் முடியும், மரபுவழி வரும் ரத்தக்குழாய் நோய் என்று 2008-இல் ஒன்று. இந்தக் கடைசி ஊகம் தந்தையின் மரணத்தையும் சேர்த்து விளக்கப் பார்க்கிறது. சிறுவன் நீட்சேயின் பயம் சரியாகவே இருந்திருக்கலாம். சிபிலிஸ் என்று சொல்வோரும் இன்னும் இருக்கிறார்கள். மூளைத் திசு இல்லை, முதுகுத்தண்டு நீர் இல்லை. வழக்கு இனித் தீராது.

ஆனால் இதில் நமக்கு ஒரு பயன் உண்டு. இன்று ஒரு நாற்பது வயதுக்காரர் அப்படித் தெருவில் விழுந்து, தம்மைக் கடவுள் என்று கடிதம் எழுதினால், நல்ல மருத்துவமனையில் ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் சோதிப்பார்கள். மூளையைப் படம் எடுப்பார்கள். சிபிலிசையும் ஆன்டிபாடிகளையும் தேடுவார்கள். சிலருக்கு அதில் விடை கிடைக்கும், விடையோடு மருந்தும் கிடைக்கும். விடை கிடைக்காத பெரும்பாலோருக்கும் மனநல மருந்துகளும் பேச்சு வைத்தியமும் வீட்டாரின் பொறுமையும் உண்டு.

நம்மவர்களிடையே இன்றும் நிலைமை வேறு. அந்தக் குடும்பத்தில் பித்து ஓடுகிறது, பெண் கொடுக்காதே என்ற பேச்சு கடல் தாண்டியும் நம்மோடு வந்திருக்கிறது. அதற்குப் பயந்து மகனின் குழப்பத்தையும் மகளின் பிரமையையும் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறோம். அந்த மாதங்களில்தான் சிகிச்சை அதிகம் பலன் தரும். மறைப்பதன் மறுகோடி என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கண்டோம். தர்காவை நம்பி வந்து காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், தீயில் ஓட முடியாமல் கருகிப் போனார்கள்.

அந்த விதத்தில் நீட்சே கொடுத்து வைத்தவர். பித்தன் என்று தெரிந்த பிறகும் ரயில் ஏறி வந்து அழைத்துப்போன ஒரு நண்பர் இருந்தார். வெட்கப்படாமல் ஊரறிய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நவும்பர்க் தெருக்களில் நடந்த ஒரு தாயும் இருந்தார்.